சிரிலிக் எழுத்துன்னாலே ரஷ்யன் இல்லீங்க

இங்கிலீஷ் 'ஆர்' எழுத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒண்ணு, 'என்' எழுத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி இன்னொண்ணு, சிரிலிக்ங்கற லிபியோட இந்த ரெண்டு எழுத்தும் ஒரு போட்டோல தெரிஞ்சா போதும், நம்ம ஆளுங்க "அட ரஷ்யன்"னு முடிவு கட்டிடுவாங்க. 2022-ல யுக்ரைன் போர் பெருசானதுலேர்ந்து இது இன்னும் ஜாஸ்தி. கீவ் நகரத்துக் கடை போர்டு, பல்கேரியா ஊர்ப் பலகை, மங்கோலியா கரன்சி நோட்டு, எது வந்தாலும் கீழ "ரஷ்ய மொழியில எழுதியிருக்கு"ன்னு ஒரு கேப்ஷன் போட்டுடறாங்க. இதுல வேடிக்கை என்னன்னா ஒரே ஒரு எழுத்தைக் காட்டி "இது ரஷ்யன்"னு அடிச்சுச் சொல்லவே முடியாது, மத்ததையெல்லாம் கழிச்சுட்டு கடைசியா மிஞ்சினாத்தான் அதை ரஷ்யன்னு சொல்லணும். ஏன் அப்படிங்கறதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். சிரிலிக் எழுத்துக்களை இங்க ஒட்டப் போறதில்ல, உருவத்தைத்தான் சொல்லப் போறேன். படிக்கத் தெரியாதவங்களுக்கு அந்த எழுத்து வெறும் கிறுக்கல், ஆனா "ஐ எழுத்து மேல ரெண்டு புள்ளி"ன்னு சொன்னா மனசுல நிக்கும், அடுத்த தடவை போர்டுல பாத்தா டக்குனு புடிச்சிடலாம்.

லிபி வேற, மொழி வேற

லிபின்னா எழுதறதுக்கான எழுத்து வகை, அவ்வளவுதான். தேவநாகரியை எடுத்துக்குங்க, இந்தி, மராத்தி, நேபாளி மூணுமே அதுலதான் எழுதுது. தேவநாகரி தெரிஞ்சதெல்லாம் இந்தின்னு யாராவது சொன்னா மராட்டிக்காரங்க சும்மா விடுவாங்களா? கூர்ந்து பாத்தா வித்தியாசமும் தெரியும். மராத்தில நம்ம 'ள' மாதிரி ஒரு எழுத்து இருக்கு, திலகர் பேரைக்கூட அவங்க அந்த 'ள' போட்டு 'டிளக்'னுதான் எழுதுவாங்க. இந்தியில சாதாரணமா அந்த எழுத்து வராது, 'ல' போட்டு முடிச்சிடுவாங்க. அதனால அந்த ஒரு எழுத்து கண்ணுல பட்டாலே அது பெரும்பாலும் மராத்தின்னு சொல்லிடலாம், படிக்கவே தேவையில்ல.

சிரிலிக்லயும் இதே கதைதான், ஆனா பெரிய லெவல்ல. ஐம்பதுக்கும் மேல மொழிகள் இந்த லிபியில எழுதுது. ரஷ்யன், யுக்ரைனியன், பெலாரசியன், பல்கேரியன், செர்பியன், மாசிடோனியன் எல்லாம் ஸ்லாவிக் மொழிகள், அதாவது ஒரே மொழிக் குடும்பத்துப் பங்காளிங்க. ஆனா கஜக், கிர்கிஸ் மொழிகள் துருக்கி மொழிக்குச் சொந்தம். தாஜிக் மொழி பாரசீகத்தோட ஒரு வடிவம், ஈரான்ல பேசறதோட ரொம்ப நெருக்கம். மங்கோலியன் இது எதோடயும் சேராது. லிபி ஒண்ணா இருக்குன்னு மொழியும் சொந்தம்னு நினைச்சா அங்கயே தப்பு ஆரம்பிச்சிடுது.

இன்னொண்ணு, சிரிலிக் பொறந்தது ரஷ்யாவுலயே இல்ல. 9-ஆம் நூற்றாண்டு கடைசில, 10-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல, பல்கேரியப் பேரரசுல, கிரேக்க எழுத்தை அடிப்படையா வச்சு உருவாச்சு. சிரில்ங்கற துறவி பேரைத்தான் அதுக்கு வச்சாங்க, ஆனா அவரு உருவாக்கினதா சொல்றது கிளகோலிதிக்ங்கற வேற ஒரு லிபி, இது அவரோட சீடர் பரம்பரையில வந்தது. பல்கேரியாக்காரங்ககிட்ட போய் "உங்க ரஷ்ய எழுத்து"ன்னு சொன்னா முகம் சுளிப்பாங்க, நியாயம்தான். 2007-ல பல்கேரியா ஐரோப்பிய யூனியன்ல சேர்ந்தப்போ லத்தீன், கிரேக்கத்துக்கு அடுத்து மூணாவது லிபியா சிரிலிக் உள்ள வந்துச்சு, 2013-லேர்ந்து வந்த புது யூரோ நோட்டுல 'எவ்ரோ'ன்னு சிரிலிக்லயும் அச்சடிச்சிருப்பாங்க, கையில கிடைச்சா பாருங்க.

இதுவரைக்கும் சொன்னது: சிரிலிக் ஒரு லிபி. அதுல பல குடும்பத்து மொழிகள் எழுதப்படுது. அதுல ரஷ்யன் ஒண்ணு, அவ்வளவுதான்.

எழுத்து பத்தலைன்னா என்ன பண்றது

இப்போ உண்மையான மெக்கானிசத்துக்கு வருவோம். ஒரு லிபியை வேற மொழிக்குக் கொண்டு போகும்போது கண்டிப்பா இடிக்கும், ஏன்னா அந்த மொழியில இருக்கற சில சத்தத்துக்கு இங்க எழுத்து இருக்காது. அப்போ ஒண்ணு இருக்கற எழுத்து மேல புள்ளி, கோடு, கிண்ணம் மாதிரி வளைவு, இல்ல கீழ ஒரு குட்டி வால் சேப்பாங்க. இந்த மாதிரி ஒட்டுக் குறிக்கு டயக்ரிட்டிக்னு பேரு. இல்லன்னா ரெண்டு எழுத்தை ஒட்டி ஒண்ணாக்கிடுவாங்க. அதுவும் இல்லன்னா வேலையில்லாம கிடக்கற எழுத்தைப் புடிச்சு புது வேலை குடுப்பாங்க. ஒவ்வொரு மொழிக்காரங்களும் இதைத் தனித்தனியா, தனித்தனி காலத்துல பண்ணதால ஒவ்வொண்ணுலயும் ஒரு தடயம் விழுந்திருச்சு. அந்த மாதிரி ஒரு மொழியைக் காட்டிக் குடுக்கற எழுத்தை இங்க 'அடையாள எழுத்து'ன்னு சொல்றேன்.

புது வேலை குடுத்ததுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. இங்கிலீஷ் சின்ன 'பி' (b) எழுத்தோட தலையில இடது பக்கமா ஒரு குட்டிக் கொடி கட்டின மாதிரி ஒரு எழுத்து. ரஷ்யன்ல இதுக்குத் தனியா சத்தமே கிடையாது, பக்கத்து எழுத்தைப் பிரிச்சு உச்சரின்னு சொல்ற ஒரு குறி மட்டும்தான். 1918-க்கு முன்னாடி மெய்யெழுத்துல முடியற ஒவ்வொரு ரஷ்ய வார்த்தைக்கும் கடைசில இதை எழுதிக்கிட்டு இருந்தாங்க, எதுக்குமே உபயோகமில்லாம. 1918 எழுத்துச் சீர்திருத்தத்துல அதைத் தூக்கிட்டாங்க, அப்புறம் ரஷ்யன்ல அது எப்பவாவதுதான் தலைகாட்டும். ஆனா பல்கேரியன்ல அதே எழுத்து ஒரு முழு உயிரெழுத்து, வரிக்கு வரி வார்த்தை நடுவுல வந்துக்கிட்டே இருக்கும். 'பல்கேரியா'ங்கற அவங்க நாட்டுப் பேர்லயே ரெண்டாவது எழுத்து அதுதான். ஒரே உருவம், ஒரு பக்கம் ஊமை, இன்னொரு பக்கம் ஓயாம பேசுது.

யுக்ரைனியன், பெலாரசியன், ரஷ்யன்

குழப்பம் அதிகம் இங்கதான், ஆனா கண்டுபிடிக்கறதும் இங்கதான் ஈஸி.

யுக்ரைனியனுக்கு 'ஐ' எழுத்து மேல ரெண்டு புள்ளி. தேசிய மொழிகள்ல இது அங்க மட்டும்தான் இருக்கு (கார்பேத்திய மலைப் பக்கம் ருசின்னு ஒரு சின்ன மொழியிலயும் உண்டு, அதை இப்போதைக்கு விட்டுடலாம்). யுக்ரைன்ங்கற பேருக்குள்ளயே இந்த எழுத்து இருக்கு, கீவ் பேர்லயும் இருக்கு, அதனால அரசாங்க போர்டு எதுவா இருந்தாலும் பெரும்பாலும் கண்ணுல பட்டுடும். ரஷ்யா பிடிச்சு வச்சிருக்கற மரியூப்போல் நகரத்துல எதிர்ப்பைக் காட்ட ஜனங்க சுவத்துல இந்த ஒத்தை எழுத்தைப் பெயிண்ட் அடிச்சாங்கன்னா அதோட வெயிட் என்னன்னு புரிஞ்சுக்கலாம். ரெண்டு புள்ளி வச்சது இல்லாம சாதாரண 'ஐ'யும் யுக்ரைனியன்ல தாராளமா வரும், அப்புறம் யூரோ குறியில ஒரு கோட்டைக் குறைச்ச மாதிரி வலது பக்கம் வாய் திறந்த ஒரு எழுத்தும் உண்டு. தலைகீழ் 'எல்' மாதிரி இருக்கற எழுத்தோட நுனியை மேல தூக்கிவிட்ட ஒரு எழுத்து கூட இருக்கு, அதை சோவியத் காலத்துல 1933-ல தூக்கிட்டாங்க, 1990-லதான் திரும்ப வந்துச்சு, ஆனா ரொம்ப அபூர்வமா வர்றதால அதை நம்பி உக்காராதீங்க.

பெலாரசியனுக்கு 'ஒய்' எழுத்து மாதிரி ஒண்ணு மேல சின்னக் கிண்ணம் வச்சிருக்கும். பெலாரஸ்ல போலாட்ஸ்க் நகரத்துல 2003-ல இந்த எழுத்துக்குன்னே ஒரு நினைவுச் சின்னம் வச்சிருக்காங்க, ஒரு எழுத்துக்குச் சிலை வைக்கறதுன்னா சும்மாவா. ஆனா உஸ்பெக் மொழியை சிரிலிக்ல எழுதும்போதும் இதே கிண்ண எழுத்து வரும், அங்க கூடவே வால் வச்ச 'கே', 'எக்ஸ்' எழுத்துக்களும் இருக்கும், பெலாரசியன்ல அது கிடையாது. இன்னொரு டிப்ஸ்: திருப்பிப் போட்ட 'என்' பெலாரசியன்ல இல்லவே இல்ல, அந்த இடத்துல எல்லாம் சாதாரண 'ஐ'தான்.

சரி, ரஷ்யன்? அதுக்குன்னு தனியா எழுத்தே இல்லையான்னு கேட்டா, இல்லதான். சின்ன 'பி'யும் பக்கத்துல ஒரு நட்டுக்குத்தலான கோடும் சேர்ந்த எழுத்து, இடது பக்கம் வாய் திறந்த 'ஈ', மேல ரெண்டு புள்ளி வச்ச 'ஈ', இதெல்லாம் ரஷ்யன்ல இருக்கு, ஆனா இது அத்தனையும் பெலாரசியன், மங்கோலியன், கஜக் மொழிகள்லயும் இருக்கு. அதனாலதான் முதல்லயே சொன்னேன், ரஷ்யன்னு சொல்றதுக்கு முன்னாடி மத்த மொழிகளோட அடையாள எழுத்து எதுவும் இல்லைங்கறதைப் பாக்கணும். அந்த 'பி'யும் கோடும் சேர்ந்த எழுத்தும், திருப்பிப் போட்ட 'என்'னும் ஒண்ணா வந்து, 'ஐ'யும் இல்லாம, கீழ வர்ற மங்கோலியன், கஜக் மாதிரி மொழிகளோட அடையாள எழுத்தும் இல்லாம இருந்தா, தைரியமா ரஷ்யன்னு சொல்லலாம். யுக்ரைனியன்லயும் பல்கேரியன்லயும் முதலாவது கிடையாது, பெலாரசியன்ல ரெண்டாவது கிடையாது.

சுருக்கமா: ரெண்டு புள்ளி வச்ச 'ஐ' யுக்ரைனியன், வால் இல்லாத கூட்டத்துல கிண்ணம் வச்ச 'ஒய்' பெலாரசியன், ரெண்டும் இல்லைன்னா அவசரப்படாம அடுத்ததைப் பாருங்க.

பால்கன் பக்கம்

பல்கேரியனுக்கு அந்தக் கொடி கட்டின 'பி' போதும், அது அடிக்கடி வந்தா மேட்டர் முடிஞ்சது. கூடவே, வார்த்தைகளோட வால்ல 'தா', 'தோ'ன்னு முடியறது நிறைய வரும், இங்கிலீஷ்ல முன்னாடி வர்ற 'தி'யை அவங்க பின்னாடி ஒட்டுவாங்க.

செர்பியனும் மாசிடோனியனும் தனி கட்சி. அங்க திருப்பிப் போட்ட 'ஆர்' எழுத்தே கிடையாது! 'யா'ன்னு எழுதணும்னா லத்தீன் 'ஜே'யும் 'ஏ'வும் போட்டுடுவாங்க. சிரிலிக் எழுத்துக்களுக்கு நடுவுல சாதாரண 'ஜே' ஒண்ணு நின்னா அது பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணுதான். இதுக்குக் காரணம் வூக் கராஜிச்னு ஒருத்தர், 1818-ல செர்பியன் அகராதி போட்டவரு. "பேசற மாதிரி எழுது, ஒரு சத்தத்துக்கு ஒரு எழுத்து"ங்கறது அவரோட கொள்கை, தேவையில்லாததை எல்லாம் வெட்டிட்டு 30 எழுத்துல நிறுத்தினார். லத்தீன்லேர்ந்து 'ஜே'யைக் கொண்டு வந்ததுக்கு சர்ச் ஆளுங்க கத்தோலிக்க வேலைன்னு குதிச்சாங்க, செர்பியா அரசு அவர் முறையை முழுசா ஏத்துக்க 1868 வரைக்கும் ஆச்சு.

ரெண்டையும் எப்படிப் பிரிக்கறது? 'எச்' எழுத்தோட கழுத்துல குறுக்கா ஒரு கோடு போட்ட மாதிரி எழுத்து இருந்தா செர்பியன், 'இச்'னு முடியற குடும்பப் பேர்ல எல்லாம் கடைசில இதுதான் நிக்கும், அதனால செர்பிய ஃபுட்பால் பிளேயர்ஸ் பேர் லிஸ்ட்டைப் பாத்தா கண்ணு வலிக்கற அளவுக்கு வரும். மாசிடோனியன்ல அது கிடையாது, பதிலா 'கே' எழுத்து மேல ஒரு சாய்ந்த கோடு, தலைகீழ் 'எல்' மேல ஒரு சாய்ந்த கோடு. மாசிடோனியன் எழுத்து முறை 1945-லதான் அதிகாரப்பூர்வமா வந்துச்சு, ஸ்லாவிக் தேசிய மொழிகள்ல ரொம்ப லேட்டு. செர்பியால லத்தீன் எழுத்துலயும் சரளமா எழுதுவாங்கங்கறதால பெல்கிரேடு தெருவுல ஒரே மொழியை ரெண்டு லிபியில பாத்தா ஆச்சரியப்படாதீங்க.

வால் முளைச்ச எழுத்துக்கள்: மத்திய ஆசியா, மங்கோலியா

இங்க கதை வேற மாதிரி. சோவியத் ஆட்சியில 1920-கள் கடைசில துருக்கி இன மொழிகளையெல்லாம் முதல்ல லத்தீனுக்கு மாத்தினாங்க, பத்துப் பதினஞ்சு வருஷத்துல அதையும் விட்டுட்டு சிரிலிக்குக்கு மாத்தினாங்க. கஜக் மொழிக்கு 1940-ல சிரிலிக் வந்துச்சு, மங்கோலியா தனி நாடா இருந்தும் 1940-கள்லயே மாறிடுச்சு. மாத்தினப்போ இந்த மொழிகளுக்கு ரஷ்யனோட 33 எழுத்தையும் அப்படியே எடுத்துக்கிட்டு மேல கொஞ்சம் சேத்தாங்க. மங்கோலியன் ரெண்டு சேத்து 35, கிர்கிஸ் மூணு சேத்து 36, கஜக் ஒன்பது சேத்து 42. ரஷ்ய எழுத்து மொத்தமும் உள்ளயே இருக்கறதாலதான் ரஷ்யனுக்குன்னு தனி அடையாளம் மிஞ்சல.

நம்ம ஊர்ப் பசங்க நிறைய பேர் எம்பிபிஎஸ் படிக்க கிர்கிஸ்தான், கஜகஸ்தான் போறாங்க, அங்க போர்டுல ரெண்டு மொழி இருக்கும், ரெண்டும் சிரிலிக், ஒண்ணு உள்ளூர் மொழி, இன்னொண்ணு ரஷ்யன். பாக்க ஒரே மாதிரி இருக்கறதால "ஒரே விஷயத்தை ஏன் ரெண்டு தடவை எழுதியிருக்கான்"னு தோணும். வாலைப் பாருங்க. 'கே' எழுத்துக்குக் கீழ வால் இருந்தா அது கிர்கிஸும் இல்ல ரஷ்யனும் இல்ல, பெரும்பாலும் கஜக், தாஜிக், உஸ்பெக்ல ஒண்ணு. கஜகஸ்தான்னு கஜக் மொழியில எழுதும்போது வால் வச்ச 'கே' ரெண்டு தடவை வரும், ரஷ்யன்ல எழுதும்போது வாலே இல்லாத ஒரு 'கே'யும், ரெண்டாவது இடத்துல 'எக்ஸ்' மாதிரி எழுத்தும் வரும். அதோட தலைகீழ் 'ஈ', ஜப்பான் யென் குறி மாதிரி குறுக்குக் கோடு போட்ட 'ஒய்' இருந்தா அது கஜக்.

மங்கோலியனும் கிர்கிஸும் பிரிக்கத்தான் கொஞ்சம் கஷ்டம். ரெண்டுலயும் 'ஓ' நடுவுல கோடு போட்ட எழுத்து இருக்கு, நேரா நிக்கற 'ஒய்'யும் இருக்கு. கிர்கிஸ்ல கூடுதலா 'எச்' எழுத்துக்குக் கீழ வால் வச்ச ஒண்ணு இருக்கு. அது கண்ணுல படலைன்னா எது அதிகமா இருக்குன்னு பாருங்க: மங்கோலியன் வரியில 'எக்ஸ்' குவிஞ்சு கிடக்கும், 'கே' வெளிநாட்டு வார்த்தையிலதான் வரும். கிர்கிஸ்ல 'கே' மழை.

தாஜிக் இன்னும் ஈஸி, திருப்பிப் போட்ட 'என்' மேல படுக்கையா ஒரு கோடு, 'எக்ஸ்' கீழ ஒரு வால், நாலாம் நம்பர் மாதிரி எழுத்துக்கும் ஒரு வால். ரஷ்யாவுக்குள்ள இருக்கற டாடர், பாஷ்கிர், சுவாஷ் மொழிகளுக்கும் தனித்தனி குறிகள் உண்டு, ஆரம்பத்துலயே அதுக்குள்ள போனா தலை சுத்தும். ஒசேத்தியன் மட்டும் சொல்லிடறேன், 'ஏ'யும் 'ஈ'யும் முதுகு ஒட்டின எழுத்து வார்த்தைக்கு வார்த்தை வரும்.

ஒரு மருந்துக்கடை போர்டு

பச்சை கிராஸ் போட்ட ஒரு மெடிக்கல் ஷாப் போர்டை எடுத்துக்குவோம். 'அப்தேக்கா'ன்னு எழுதியிருக்கு. இதை வச்சு மொழியைச் சொல்ல முடியுமா? முடியாது. ரஷ்யன், யுக்ரைனியன், பல்கேரியன், மாசிடோனியன் நாலுலயும் அதே ஆறு எழுத்து, அதே வரிசை. நடுவுல 'ஈ'க்கு பதிலா திரும்பின 'ஈ' இருந்தா பெலாரசியன். 'அபோதேக்கா'ன்னு ஒரு 'ஓ' உள்ள நுழைஞ்சா செர்பியன்.

கிழக்கால போனா வார்த்தையே மாறிடும். கிர்கிஸ்ல 'தரிகானா', கஜக்ல 'தாரிஹானா', தாஜிக்ல 'தோருஹோனா', எல்லாம் பாரசீகச் சரக்கு. பாரசீகத்துல 'தாரு'ன்னா மருந்து, அது இந்திக்கு வந்து வேற மாதிரி 'மருந்து' ஆயிடுச்சு, அது இருக்கட்டும். மங்கோலியால 'எமீன் சான்'னு ரெண்டு வார்த்தை, திரும்பின 'ஈ'யில ஆரம்பிக்கும், திரும்பின 'என்' பக்கத்துலயே அதே எழுத்து தலையில கிண்ணத்தோட நிக்கும், மங்கோலியன்ல அந்த ஜோடி ஓயாம வரும்.

இதுலேர்ந்து தெரியறது: அடையாள எழுத்து இருந்தா ஒரு வார்த்தையே போதும். இல்லாதப்போ "இந்த எழுத்து வரலையே, அப்போ இது அந்த மொழி இல்ல"ன்னு சொல்லணும்னா நாலஞ்சு வரியாவது வேணும், ஒரு போர்டுல ஒரு எழுத்து வராததுக்கு அந்த வார்த்தையில அது இல்லைங்கறது தவிர வேற காரணமே வேண்டாம்.

கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்குது

மொழிபெயர்ப்பு ஆப்ல ஒட்டின உடனே "இது பல்கேரியன்"னு சொல்லுதே, அது அர்த்தம் புரிஞ்சு சொல்றதில்ல. இதுக்குன்னு ரொம்ப நாளா இருக்கற வழி ஒண்ணு உண்டு: எழுத்துக்களை மூணு மூணா வெட்டி எந்த மூணு எத்தனை தடவை வருதுன்னு எண்ணுறது. இந்த மூணெழுத்துத் துண்டுக்கு ட்ரைகிராம்னு பேரு. ஒவ்வொரு மொழிக்கும் அடிக்கடி வர்ற ட்ரைகிராம் வேற வேற, ஏற்கனவே எண்ணி வச்ச கணக்கோட ஒப்பிட்டு எது ரொம்ப நெருக்கமோ அதைச் சொல்லும். இப்போ வர்ற புது சிஸ்டம்கள் இதைவிட சிக்கலா இருந்தாலும் அடிப்படை அதுதான், எது எவ்வளவு தடவைங்கற கணக்கு. அதனால 'அப்தேக்கா'ன்னு ஒத்தை வார்த்தையைக் குடுத்தா அதுக்கும் நம்ம கதிதான், பெரும்பாலும் ரஷ்யன்னே சொல்லிடும்.

டைப் பண்றவங்களும் சும்மா இருக்கறதில்ல. சரியான கீபோர்டு இல்லாதப்போ சிரிலிக் 'ஐ'க்கு பதிலா லத்தீன் 'ஐ'யை அடிச்சிடுவாங்க, நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற கோட், அதுலயே கணக்கு கெட்டுடும். காகசஸ் மலைப் பக்கத்து செச்சென், அவார் மாதிரி மொழிகள்ல வெறும் நட்டுக்குத்தல் கோடு ஒண்ணு எழுத்தா வரும், பாலோச்கான்னு சொல்வாங்க. நிறைய கீபோர்டுல அது கிடையாதுங்கறதால ஒண்ணாம் நம்பரையே அந்த இடத்துல அடிப்பாங்க. சிரிலிக் வார்த்தைக்கு நடுவுல '1' வந்தா டைப்பிங் மிஸ்டேக்னு தள்ளிடாதீங்க, அது பெரும்பாலும் காகசஸ் மொழியாத்தான் இருக்கும், முதல்ல செச்சென்னான்னு பாருங்க.